கோல் பக்கத்திலேயே நிற்கிறவர்

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு டர்ஃப் மைதானம் இருக்கிறது. மணிக்கணக்கில் வாடகைக்கு விடுவார்கள். சுற்றிலும் வலை, மேலே ஃபிளட்லைட், காலடியில் பிளாஸ்டிக் புல். சனிக்கிழமை ராத்திரி 9 மணிக்கு நாங்கள் பத்துப் பேர் அங்கே சேருவோம். ஐவருக்கு ஐவர். 2024 ஜூன் 29ஆம் தேதியும் அப்படித்தான் சேர்ந்தோம்.

எங்களில் ஒருவர் ஐம்பதைத் தாண்டியவர். எல்லாருக்கும் அவர் ‘அண்ணன்’. முட்டி தேய்ந்துவிட்டதால் ஓட்டம் கிடையாது. ஆட்டம் தொடங்கியதும் நேராகப் போய் எதிரணி கோல் போஸ்ட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொள்வார். கோல்கீப்பரோடு ஊர்க்கதை பேசுவார். பந்து அந்தப் பக்கம் வந்தால் பேச்சை நிறுத்தாமலே காலை நீட்டுவார். அன்றைக்கு அப்படி மூன்று கோல். “இதெல்லாம் ஒரு கோலாண்ணே?” என்று கேட்டால், “வலைக்குள்ள போச்சா இல்லையா, அதச் சொல்லு” என்பார். பந்துக்கு முன்னால் போய் எதிரணி கோலருகே காத்திருப்பதைத் தடுக்கும் ஆஃப்சைடு விதி ஐவர் ஆட்டத்தில் கிடையாது. வாயடைத்துப்போய் நிற்பதைத் தவிர எங்களுக்கு வேறு வழியில்லை.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தேன். டார்ட்மண்டில் ஜெர்மனியும் டென்மார்க்கும் யூரோ கோப்பை நாக்-அவுட் ஆட்டம். நடுவில் இடி மின்னல் வந்து ஆட்டத்தை நிறுத்திவைத்தார்கள். நம் நேரத்துக்கு இரவு 2 மணி வாக்கில், இரண்டாம் பாதி தொடங்கிய சில நிமிடங்களில், டென்மார்க்கின் ஜோக்கிம் ஆண்டர்சன் கோல் போட்டார். சிவப்புச் சட்டைக் கூட்டம் குதித்தது. அப்புறம் காதில் கைவைத்தபடி நடுவர் நின்றார். கணினி வரைந்த படம் திரையில் வந்தது. கோல் விழுவதற்குச் சற்று முன், டென்மார்க்கின் தாமஸ் டிலேனியுடைய பூட்ஸ் நுனி ஜெர்மன் தடுப்பாட்டக்காரரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது. ஆஃப்சைடு, கோல் செல்லாது. சில நிமிடங்களில் அதே ஆண்டர்சன் கையில் பந்து பட்டதென்று ஜெர்மனிக்குப் பெனால்டி. கடைசியில் ஜெர்மனி 2-0.

ராத்திரி 9 மணிக்கு ஒரு மனிதர் ஒரு மணி நேரம் கோல் வாசலிலேயே குடியிருந்து மூன்று கோல் போட்டிருக்கிறார். 2 மணிக்கு ஒரு தேசமே கால்விரல் நீளத்தில் தோற்றுக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் பெயர் கால்பந்துதான். ஆஃப்சைடு விதியைத் தூக்கியே போட்டுவிட்டால் என்ன என்று அன்றிரவு பலருக்குத் தோன்றியிருக்கும். எனக்கும் தோன்றியது. பதில் தேடப் போனால், அந்த விதியின் கதை 160 ஆண்டுக்கு மேல் பின்னால் இழுத்துக்கொண்டு போனது.

பதுங்குவது இழுக்கு

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பணக்காரப் பிள்ளைகள் படித்த பள்ளிகள் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு கால்பந்து வைத்திருந்தது. ஈட்டன் பள்ளியில், பந்துக்கு முன்னால் போய் எதிரி கோலுக்கருகே காத்திருப்பதற்கு ‘ஸ்னீக்கிங்’ என்று பெயர். பதுங்குவது, கள்ளத்தனமாக நழுவுவது என்று பொருள். பெயரிலேயே ஏளனம் தெரிகிறது. ஆஃப்சைடு என்ற சொல்லும் இந்தக் குணத்தில் பிறந்ததுதான். பந்துக்குப் பின்னால், தன் கூட்டத்தோடு நிற்பவன் தன் பக்கத்தில் இருக்கிறான். முன்னால் நழுவியவன் தன் பக்கத்தை விட்டுப் போனவன். எல்லோரும் பந்தோடு முட்டி மோதிக்கொண்டிருக்க, ஒருவன் மட்டும் வியர்க்காமல் கோல் வாசலில் நிற்பது ஆண்மைக்கு இழுக்கு என்று அவர்கள் நினைத்தார்கள். எங்கள் அண்ணனை ஈட்டனில் சேர்த்திருக்கவே மாட்டார்கள்.

1863 அக்டோபரில் லண்டனின் ஃப்ரீமேசன்ஸ் டேவர்ன் விடுதியில் கூடிய சங்கங்கள் கால்பந்துச் சங்கத்தைத் தொடங்கின. அந்த ஆண்டு முடிவதற்குள் விதிகளை எழுதினார்கள். ஆறாவது விதிப்படி, ஒருவர் பந்தை உதைக்கும்போது பந்தைவிட எதிரணிக் கோட்டுக்கு நெருக்கமாக நிற்கும் அவருடைய அணிக்காரர் யாரும் ஆட்டத்தில் இல்லை. அதாவது முன்னால் இருப்பவருக்குப் பந்தைக் கொடுக்க முடியாது. இன்றைய ரக்பி போல. பந்தைக் காலோடு ஒட்டவைத்துக்கொண்டு ஒருவர் ஓடுவார். மற்றவர்கள் பின்னாலேயே கும்பலாக ஓடுவார்கள். அவர் தடுக்கிவிழுந்தால் அடுத்தவர் எடுத்துக்கொண்டு ஓடுவார். பாஸ் என்ற ஒன்று ஆட்டத்தின் உயிர் என்று இன்று நாம் சொல்வதை அந்தக் கும்பல் கேட்டால் சிரித்திருக்கும்.

அதே காலத்தில், வடக்கே ஷெஃபீல்டு நகரத்தில் வேறு கால்பந்து நடந்தது. ஷெஃபீல்டு சங்கம் 1857இல் தொடங்கி, 1858இல் தன் விதிகளை எழுதியது. அதில் ஆஃப்சைடே இல்லை. ஆகவே எதிரணி கோலுக்கருகே காத்திருப்பதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். அவர்களைக் காவல் காக்க எதிரணி ஆட்களும் அங்கேயே நிற்க வேண்டியிருந்தது. ஆஃப்சைடு இல்லாத கால்பந்து எப்படியிருக்கும் என்று நாம் இன்று கற்பனை செய்கிறோம். ஷெஃபீல்டில் அதை உண்மையாகவே ஆடிப் பார்த்துவிட்டார்கள். பிறகு அவர்களே மெல்ல மெல்ல ஆஃப்சைடு பக்கம் வந்தார்கள். 1877இல் லண்டனும் ஷெஃபீல்டும் ஒரே விதிப்புத்தகத்துக்குள் சேர்ந்தன.

மூவர் இருக்க வேண்டும்

சேர்வதற்கு முன்பே லண்டன் இறங்கிவந்திருந்தது. 1866இல் விதியைத் தளர்த்தினார்கள். முன்னால் நிற்கலாம், ஆனால் உனக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே எதிரணியினர் மூவராவது இருக்க வேண்டும். முன்னோக்கிப் பாஸ் கொடுக்கும் கதவு அப்போதுதான் திறந்தது.

கதவு திறந்தாலும் பழக்கம் சட்டென்று போய்விடாது. 1872 நவம்பர் 30ஆம் தேதி கிளாஸ்கோவில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் முதல் சர்வதேச ஆட்டம் ஆடின. இங்கிலாந்து ஏழெட்டுப் பேரை முன்களத்தில் குவித்து, பழையபடி பந்தை ஓட்டிக்கொண்டு போனது. ஸ்காட்லாந்து அணியில் அத்தனை பேரும் குயின்ஸ் பார்க் சங்கத்துக்காரர்கள். உடல் எடையில் ஆங்கிலேயர்களுக்கு ஈடாகாதவர்கள். மோதினால் தோற்போம் என்று தெரிந்ததால் பந்தை ஒருவரிடமிருந்து ஒருவருக்கு மாற்றிக்கொடுத்தார்கள். ஆட்டம் 0-0. ஆனால் அடுத்த இருபது ஆண்டில் ஜெயித்தது ஸ்காட்லாந்து பாணிதான். முன்களத்தில் ஐவர், நடுவில் மூவர், பின்னால் இருவர் என்ற கூம்பு வடிவ அணி உருவாகி, அரை நூற்றாண்டுக்கு உலகம் முழுக்க அப்படியே நிலைத்தது.

இதற்கிடையே சின்னச் சின்ன சலுகைகள் சேர்ந்தன. கார்னர் கிக்கிலும் கோல் கிக்கிலும் ஆஃப்சைடு பார்ப்பதில்லை என்றானது. 1907இல், தன் சொந்தப் பாதியில் நிற்பவருக்கு ஆஃப்சைடு இல்லை என்றார்கள். 1920இல் த்ரோ-இன்னுக்கும் விலக்குக் கிடைத்தது. ஒழுக்கத்துக்காக எழுதப்பட்ட விதி, இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கணக்கு விதியாக மாறியது. கணக்கு என்றால் அதைப் போட்டுப் பார்க்கத் தெரிந்தவன் ஒருவன் வராமல் இருப்பானா?

வந்தவர் நியூகாசில் யுனைடெட் அணியின் பில் மெக்ராக்கன். அயர்லாந்துக்காரர். மூவர் இருந்தால்தான் எதிரி முன்கள வீரர் தப்புவார். கோல்கீப்பர் போகப் பின்களத்தில் இரண்டு பேர். அதில் ஒருவர் மட்டும் சட்டென்று நாலடி முன்னால் ஏறிவிட்டால் கணக்கு இரண்டாகக் குறையும், எதிரி ஆஃப்சைடு. மெக்ராக்கன் ஆட்டம் முழுக்க இதையே செய்தார். பந்து மைதானத்தின் நடுவிலுள்ள குறுகிய பட்டையைத் தாண்டவே முடியாமல் நின்றது. நிமிடத்துக்கு ஒரு விசில். ஆட வந்த வெளியூர் அணி நியூகாசில் ரயில் நிலையத்தில் இறங்க, கார்டு விசில் ஊத, “அதுக்குள்ள ஆஃப்சைடா?” என்று ஒரு வீரர் கேட்டதாக அந்த ஊரில் ஒரு வேடிக்கைக் கதை உண்டு. மற்ற அணிகளும் இந்தப் பொறியைக் கற்றுக்கொண்டன. கோல்கள் வற்றின.

ஓர் ஆள் குறைந்த வருடம்

1925 ஜூனில் விதிக்குழு மூவரை இருவராக்கியது. மாறியது ஓர் எண் மட்டும்தான். அடுத்த பருவத்தில் என்ன நடந்தது என்பதைக் கணக்கே சொல்லும். இங்கிலாந்தின் முதல் டிவிஷனில் 1924-25இல் 462 ஆட்டங்களில் 1,192 கோல்கள் விழுந்திருந்தன. 1925-26இல் அதே 462 ஆட்டங்களில் 1,703. மூன்றாண்டு கழித்துப் பார்த்தால், 1927-28 பருவத்தில் எவர்டன் அணியின் டிக்ஸி டீன் தனியொருவராக லீக்கில் 60 கோல்கள் போட்டிருந்தார். அந்தச் சாதனையை இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கில் இன்றுவரை எவரும் நெருங்கவில்லை.

ரசிகர்களுக்குக் கொண்டாட்டம். பின்கள வீரர்களுக்கு நரகம். புது விதியோடு பருவம் தொடங்கிய இரண்டு மாதத்துக்குள்ளேயே, 1925 அக்டோபர் 3ஆம் தேதி, ஆர்சனல் அணி அதே நியூகாசிலிடம் 0-7 என்று உதை வாங்கியது. ஆர்சனல் மேலாளர் ஹெர்பர்ட் சாப்மன் அப்போதுதான் பதவிக்கு வந்திருந்தார். அணியின் மூத்த வீரர் சார்லி பக்கன் ஒரு யோசனை சொன்னார். நடுக்களத்தின் மையத்தில் நின்று ஆட்டத்தை வழிநடத்துகிற சென்டர் ஹாஃப் வீரரைப் பின்னால் இழுத்து, இரண்டு தடுப்பாட்டக்காரருக்கும் நடுவே சுவராக நிறுத்திவிடலாம் என்றார். நடுக்களத்தில் விழும் பள்ளத்தை முன்களத்திலிருந்து ஆளை இறக்கி அடைக்கலாம். இரண்டு நாள் கழித்து வெஸ்ட் ஹாமை 4-0 என்று ஆர்சனல் வென்றது. மேலிருந்து பார்த்தால் ஆங்கில எழுத்துகளான டபிள்யூவும் எம்மும் போலத் தெரியும் அந்த அமைப்பை வைத்துக்கொண்டு 1930களின் இங்கிலாந்தை ஆர்சனல் ஆண்டது.

இந்த இடத்தில்தான் எனக்கு முதல் விடை கிடைத்தது. விதியைத் தளர்த்தியது கோல் வரவேண்டும் என்று. கோல் வந்தது உண்மை. ஆனால் விதி நிரந்தரமாக மாற்றியது கோல் எண்ணிக்கையை அல்ல, ஆட்கள் நிற்கும் இடத்தை. அதுவரை ஆட்டத்தை யோசித்து நடத்திய நடுக்கள மனிதர், எதிரி முன்கள வீரரின் முதுகோடு ஒட்டிக்கொண்டு பந்தைத் தலையால் முட்டித் தள்ளும் காவலாளியானார். முன்னால் ஒரு பூட்டைத் திறந்தார்கள். பின்னால் அதற்கு ஒரு காவலாளி வந்து உட்கார்ந்துவிட்டார்.

பாரேசியின் கை

இருவர் விதியையும் பொறியாக்க முடியும் என்று காட்டியவர் இத்தாலியின் அர்ரிகோ சாக்கி. 1987இல் ஏசி மிலான் அணிக்குப் பயிற்சியாளராக வந்தவர். தடுப்பாட்டக்காரர் நால்வரும் கயிற்றில் கட்டியதுபோல ஒரே கோட்டில் நடுக்களம் வரை ஏறி நிற்பார்கள். கடைசி ஆளுக்கும் முதல் ஆளுக்கும் இடையே 25 மீட்டர்தான் இருக்கவேண்டும் என்பது சாக்கியின் கணக்கு. 105 மீட்டர் மைதானத்தில் ஆட்டம் நடப்பது அந்தச் சின்னப் பட்டைக்குள் மட்டுமே. பந்து எதிரியின் காலில் படும் முன் ஐந்தாறு பேர் அவரைச் சுற்றிவிடுவார்கள். தப்பித் தவறி யாராவது பின்னால் ஓடினால், தலைவர் ஃபிராங்கோ பாரேசி ஒரு கையை மேலே உயர்த்துவார். கோட்டோரக் கொடியும் உயரும். மிலான் 1989இலும் 1990இலும் ஐரோப்பியக் கோப்பையை வென்றது.

இன்று நாம் ராத்திரி கண்விழித்துப் பார்க்கும் ஆட்டங்களின் தாத்தா இந்த மிலான்தான். எதிரணியை அதன் பாதியிலேயே நெருக்கிப் பந்தைப் பறிக்கிற ‘பிரஸ்ஸிங்’ என்ற உத்தி முழுக்க ஆஃப்சைடு விதி போட்ட பிச்சை. முதுகுக்குப் பின்னால் ஐம்பது மீட்டர் காலி இடத்தை விட்டுவிட்டு ஒருவர் முன்னேறி நிற்க முடிகிறதென்றால், அந்தக் காலி இடத்தில் எதிரி முன்கூட்டியே போய்க் குடியேற முடியாது என்ற தைரியம்தான் காரணம்.

ஆனால் எல்லா அணியும் மிலான் ஆகிவிடவில்லை. பொறியும் கூட்டமும் மட்டும் பரவின. 1990இல் இத்தாலியில் நடந்த உலகக் கோப்பையில் 52 ஆட்டங்களில் 115 கோல்கள், சராசரி 2.21. உலகக் கோப்பை வரலாற்றில் அதைவிட வறண்ட சராசரி கிடையாது. அந்த ஆண்டே விதியை இன்னொரு முறை தளர்த்தினார்கள்: கடைசித் தடுப்பாட்டக்காரருக்கு நேர்கோட்டில் நிற்பவர் இனி ஆஃப்சைடு இல்லை. 2005இல், ஆட்டத்தில் உண்மையாகவே தலையிட்டவரை மட்டுமே பிடிக்கவேண்டும் என்று விளக்கம் வந்தது. கை கணக்கில் வராது என்றார்கள். ஒவ்வொரு திருத்தமும் முன்கள வீரருக்குச் சாதகம்.

கண்ணிலிருந்து கேமராவுக்கு

கொடி பிடிப்பவரின் வேலையை நினைத்துப் பாருங்கள். பந்தை உதைப்பவர் ஓரிடம், ஓடுபவர் முப்பது மீட்டர் தள்ளி இன்னோரிடம். இரண்டையும் ஒரே கணத்தில் பார்க்க வேண்டும். கடைசித் தடுப்பாட்டக்காரரின் நேர்கோட்டிலேயே கொடிக்காரர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஓரடி பிசகினால் பார்வைக் கோணம் ஏமாற்றிவிடும். கொடிக்காரர்களின் தவறுகளுக்கு இந்தக் கோணமே பெரிய காரணம் என்று ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். ஆகவே அந்தக் காலத்துச் சண்டைகள் எல்லாம் கண்ணுக்கும் கண்ணுக்கும் நடந்தவை. கொடிக்காரரைத் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போவோம். மறுநாள் டீக்கடையில் அதையே பேசுவோம். தவறு மனிதருடையது என்பதால் மன்னிக்கவும் முடிந்தது.

2018 உலகக் கோப்பையில் வீடியோ நடுவர் வந்தார். 2022இல் கத்தாரில் பாதி தானியங்கி ஆஃப்சைடு வந்தது. கூரைக்கடியில் 12 கேமராக்கள். ஒவ்வொரு வீரர் உடலிலும் 29 புள்ளிகள். அவற்றை நொடிக்கு 50 முறை பதிவு செய்வார்கள். பந்துக்குள் இருக்கும் சென்சார் நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பும். தொடக்க ஆட்டத்தின் மூன்றாவது நிமிடத்திலேயே ஈக்வடார் போட்ட கோலை இயந்திரம் அழித்தது. இரண்டு நாள் கழித்து, முதல் பாதியில் மட்டும் அர்ஜென்டினாவின் மூன்று கோல்கள் ஆஃப்சைடில் போயின. நடுக்களம்வரை துணிந்து ஏறி நின்ற சவூதி அரேபியா 2-1 என்று மெஸ்ஸியின் அணியைச் சாய்த்தது. அந்தத் துணிச்சலுக்குப் பின்னால், இயந்திரக் கண் ஒரு சென்டிமீட்டரைக்கூடத் தவறவிடாது என்ற நம்பிக்கையும் இருந்திருக்கும்.

கள்ளத்தனமாகப் பதுங்குபவரைப் பிடிக்க எழுதிய விதி, இன்று ஒருவருடைய அக்குளை அளக்கிறது. 2019 நவம்பரில் லிவர்பூலின் ரோபர்ட்டோ ஃபிர்மினோ போட்ட கோல், கிட்டத்தட்ட அக்குள் அளவில்தான் போனது. முன்னேற அனுமதிக்கலாமா என்று கேட்ட ஈட்டன் பையன்களுக்கு இந்தக் கணக்கு புரிந்தே இருக்காது. இயந்திரம் சரியாகச் சொல்கிறது; அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கோல் விழுந்ததும் நாம் எழுந்து குதிக்கலாமா, உட்கார்ந்து திரையைப் பார்க்க வேண்டுமா என்ற தயக்கம் இப்போது எல்லா மைதானத்திலும் குடிவந்துவிட்டது.

தூக்கிப்போட்டால்?

2017 ஜனவரியில் ஒருவர் வெளிப்படையாகவே கேட்டார்: ஆஃப்சைடே இல்லாவிட்டால் என்ன? கேட்டவர் அப்போது ஃபிஃபாவின் தொழில்நுட்ப இயக்குநராக இருந்த மார்கோ வான் பாஸ்டன். ஒன்பது பத்துப் பேர் கோலுக்கு முன்னால் சுவர் கட்டுவதால் கால்பந்து கைப்பந்து போலாகிவிட்டது என்பது அவர் கவலை. அவர் கைப்பந்து என்றது, ஐரோப்பியர் கையால் எறிந்து கோல் போடும் ஹேண்ட்பாலை. சாக்கியின் மிலானில், பாரேசி கை தூக்கிய அதே அணியில், முன்களத்தில் நின்று கோல் மழை பொழிந்தவர் இந்த வான் பாஸ்டன்தான்! அந்த விதியால் வாழ்ந்தவரே அதைத் தூக்கிப்போடச் சொன்னார்.

அவர் கேள்விக்குக் கற்பனையால் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆஃப்சைடு இல்லாத ஆட்டத்தை நாம் அடிக்கடி பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஒவ்வொரு கார்னர் கிக்கும் அதுதான். கோல்கீப்பருக்கு முன்னால் இருவர் வந்து ஒட்டிக்கொள்கிறார்கள், சட்டையைப் பிடித்து இழுக்கிறார்கள், இடித்துத் தள்ளுகிறார்கள், உயரமானவர் தலை மட்டும் மேலே தெரிகிறது. 2008-09இல் ஸ்டோக் சிட்டி அணி ரோரி டெலப்பின் நீண்ட த்ரோ-இன்களை வைத்தே பெரிய அணிகளைத் திணறடித்தது. த்ரோ-இன்னில் ஆஃப்சைடு இல்லை என்பது அதற்குப் பெரிய துணை. இந்தக் காட்சிகளை ஆட்டத்தின் ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவந்து, தொண்ணூறு நிமிடமும் ஓட்டிப் பாருங்கள்.

இரண்டு முன்கள வீரர்கள் எதிரணி கோல்கீப்பரோடு குடும்பம் நடத்துவார்கள். அவர்களைத் தனியே விட முடியாததால் மூன்று தடுப்பாட்டக்காரர்கள் அங்கேயே நிற்பார்கள். இன்னொரு முனையிலும் இதே கூட்டம். கோல்கீப்பர்களைக் கழித்தால் மொத்தம் இருபது பேர். அதில் பத்துப் பேர் இரண்டு முனையிலும் மாட்டிக்கொண்டார்கள். மீதிப் பத்துப் பேருக்கு நடுவிலே எண்பது மீட்டர் வெட்டவெளி. பந்தோடு ஓடத் தெரிந்தவருக்கு அது சொர்க்கம் போலத் தோன்றும். ஆனால் அவர் ஏன் ஓட வேண்டும்? பின்னாலிருந்து ஒரே உதையில் பந்தை அந்தக் கூட்டத்தின் தலைமேல் போட்டுவிடலாமே. நடுக்களம் ரயில் நிற்காத ஊர் போலாகிவிடும். பிரஸ்ஸிங் செத்துவிடும்; தடுப்பாட்டக்காரர் கோலை விட்டு நகர முடியாதபோது முன்னால் நெருக்குபவருக்குப் பின்துணை ஏது? கோலை விட்டு வெளியே வந்து ஆடுகிற இன்றைய கோல்கீப்பர்கள் மறுபடியும் கம்பத்துக்குக் கட்டப்படுவார்கள். ஐந்தடி ஏழங்குல மெஸ்ஸிகளைவிட ஆறரை அடிக்காரர்களுக்குச் சம்பளம் ஏறும்.

கோல்? முதல் இரண்டு பருவத்தில் கொட்டும், 1925-26இல் கொட்டியதுபோல. பிறகு சாப்மன் போல ஒருவர் எங்கிருந்தோ வந்து இன்னொரு காவலாளியை நிறுத்துவார். வான் பாஸ்டன் உடைக்க நினைத்த சுவர், விதியின் பெயரில் நிரந்தரமாகவே கோல் வாசலில் குடியேறும்.

பாதி வழி போய்த் திரும்பியவர்களும் உண்டு. 1970களில் அமெரிக்க லீக், கோல் கோட்டிலிருந்து 35 கெஜத்தில் தனியாக ஒரு கோடு போட்டு, அதற்குள் மட்டுமே ஆஃப்சைடு என்றது. பெலேயும் பெக்கன்பாவரும் அந்தக் கோடு போட்ட மைதானங்களில்தான் ஆடினார்கள். உலகமெல்லாம் ஒரே விதி வேண்டும் என்று ஃபிஃபா நெருக்கியதால் 1980களின் தொடக்கத்தில் அந்தக் கோடு அழிந்தது.

ஹாக்கி சொன்ன பதில்

“ஹாக்கியில் எடுத்துவிட்டார்களே, ஒன்றும் கெட்டுப்போகவில்லையே” என்று ஹாக்கி ஊரான கோவில்பட்டிக்காரர் யாராவது கேட்டால் என்னிடம் சட்டென்று பதில் வராது. நியாயமான கேள்வி. ஹாக்கியும் கால்பந்தைப் போலவே மூவரில் தொடங்கி, 1972இல் இருவராகி, பிறகு கடைசி 25 கெஜத்துக்குள் மட்டும் என்றாகி, 1996இல் சோதனையாகவும் 1998இல் நிரந்தரமாகவும் ஆஃப்சைடைக் கைவிட்டது. தமிழ்ப் பெற்றோருக்குப் புனே அருகே கட்கியில் பிறந்த தன்ராஜ் பிள்ளை இரண்டு காலத்திலும் ஆடியவர். 1992 முதல் 2004 வரை நான்கு ஒலிம்பிக். ஆஃப்சைடு போனபின் ஹாக்கி விரிந்தது, விசில் குறைந்தது, வேகம் ஏறியது. யாரும் பழைய விதியைத் திரும்பக் கேட்கவில்லை.

அங்கே பலித்தது இங்கே பலிக்குமா? ஹாக்கி மைதானத்தின் அமைப்பே வேறு. அங்கே வட்டத்துக்குள்ளிருந்து அடித்தால்தான் கோல். ஓங்கி அடிக்கும் பந்தை, கோலை நோக்கி அடிக்கும்போது தவிர, வேண்டுமென்றே உயரத் தூக்கக்கூடாது. ஆகவே கோலருகே காத்திருப்பவருக்கும் பந்து பெரும்பாலும் தரையோடு, இடையில் நிற்கும் மட்டைகளைத் தாண்டித்தான் வந்தாக வேண்டும். கூடவே, நினைத்த நேரத்தில் ஆளை மாற்றிக்கொள்ளலாம். நீண்ட மைதானத்தில் ஓடிக் களைத்தவர் வெளியேறி மூச்சு வாங்கிவிட்டு வரலாம். கால்பந்தில் வானம் திறந்துகிடக்கிறது. தலையால் முட்டலாம். மாற்று ஆட்களுக்கு அளவு உண்டு. ஹாக்கியில் ஆஃப்சைடு போன இடத்தை வேறு விதிகள் தாங்கிப் பிடித்தன. கால்பந்தில் அப்படித் தாங்க எதுவும் இல்லை.

எங்கள் டர்ஃபிலும், நாற்பது மீட்டர் நீள ஃபுட்சால் களத்திலும், மலபாரில் தற்காலிக கேலரி கட்டி ஆடுகிற செவன்ஸிலும் ஆஃப்சைடு பார்ப்பதில்லை. சின்ன இடத்தில் யாரும் யாரிடமிருந்தும் தூரமாகப் பதுங்க முடியாது. இடமே விதியின் வேலையைச் செய்துவிடுகிறது. ஆடுகளம் நீள நீளத்தான் அதைச் சுருக்கிக் கட்டிவைக்க ஒரு கோடு தேவைப்படுகிறது.

ஆகவே விதியை அழிப்பதைவிட அகலமாக்குவதே உத்தமம் என்று இன்று பேசுகிறார்கள். ஃபிஃபாவில் உலகக் கால்பந்து வளர்ச்சிக்குப் பொறுப்பேற்றிருக்கும் ஆர்சன் வெங்கர் சொல்வது இது: கோல் போடத் தகுந்த உடல் பகுதி ஏதேனும் ஒன்று தடுப்பாட்டக்காரரோடு நேராக இருந்தால் போதும், ஆஃப்சைடு இல்லை. டென்மார்க்கின் பூட்ஸ் நுனி அந்த விதியில் தப்பித்திருக்கும். சந்தேகம் வந்தால் பலன் முன்கள வீரருக்கு. இளையோர் போட்டிகளில் இதைச் சோதித்தும் பார்த்தார்கள். எதுவானாலும் 1886 முதல் விதிகளைக் காத்துவரும் குழுவில் எட்டு வாக்கில் ஆறு விழவேண்டும். நான்கு வாக்கு பிரிட்டனின் நான்கு சங்கங்களுக்கு, நான்கு ஃபிஃபாவுக்கு. ஆனால் வெங்கர் விதியிலும் ஒரு கோடு இருக்கும். அந்தக் கோட்டிலும் ஒரு குதிகால் நாளைக்கு மாட்டிக்கொள்ளும். நாம் மறுபடியும் ராத்திரி 2 மணிக்குத் திரையைப் பார்த்து உட்கார்ந்திருப்போம்.

அடுத்த சனிக்கிழமை டர்ஃபுக்குப் போனோம். எதிரணியில் ஒரு பையன், கல்லூரி முடிக்காதவன், முந்தின வாரத்து மூன்று கோலை மறக்கவில்லை. ஆட்டம் தொடங்கியதும் நேராக அண்ணன் பக்கத்தில் போய் நின்றான். அண்ணன் இடது போஸ்ட்டுக்குப் போனால் அவனும் போனான். வலது பக்கம் நகர்ந்தால் அவனும் நகர்ந்தான். பந்து ஒருமுறைகூட அவர் காலுக்கு வரவில்லை. இரண்டு கோல்கீப்பர், அண்ணன், அந்தப் பையன் போக மிச்சம் ஆறு பேர்தான் மூச்சிரைக்க ஓடினோம். சாப்மனைப் பற்றியோ, ஷெஃபீல்டைப் பற்றியோ அந்தப் பையனுக்கு எவரும் சொல்லித்தரவில்லை.

அரைமணி நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தேன். அண்ணனும் பையனும் கோல்கீப்பரும் வலைக்குப் பக்கத்தில் கைகட்டி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். முட்டி வலிக்கு எந்த டாக்டர் நல்லவர் என்பது பேச்சு. “பந்து வருது!” என்று கத்தினோம். மூன்று பேருமே திரும்பவில்லை.